மேட்டில் ஓடினால் வேகம் வருமா? தற்காப்புக் கலை கற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

கோத்தகிரியில் பிள்ளைகளுக்குச் சிலம்பமும் கராத்தேயும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து 14 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்டது அடுத்த பெல்ட் எப்போது என்று. அதற்கு அடுத்தபடியாகக் கேட்பது, "மாஸ்டர், பையன் நல்லாத்தான் பண்றானுங்க, ஆனா ஸ்பீடு பத்தலைங்க, என்ன பண்ணலாம்?" என்று. போன மாதம் ஒரு அப்பா இதையே கேட்டார். பையனுக்கு 9 வயது. தினமும் காலை ஆறு மணிக்கு எழுப்பி, பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் உள்ள ஏற்றத்தில் ஐந்து தடவை ஓடவிடுகிறாராம், மூன்று மாதமாக. பையனும் முகம் சுளிக்காமல் ஓடுகிறான். ஆனால் ஜோடிப் பயிற்சியில் எதிரே நிற்கிற பிள்ளை காலைத் தூக்கி முடித்த பிறகும் இவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான், உதை மேலே பட்ட பிறகுதான் நகர்கிறான்.

அந்த அப்பாவின் அக்கறையில் எந்தக் குறையும் இல்லை. பனி விழும் காலையில் ஸ்வெட்டரும் குல்லாவுமாகக் கூடவே நின்று ஓடவைக்கிறார், அதற்கு எத்தனை பேருக்கு மனசு வரும்? ஆனால் அவர் வளர்த்துக்கொண்டிருப்பது மூச்சு தாங்கும் சக்தி, அதாவது ஸ்டாமினா. வேகம் என்பது வேறு. அஜிலிட்டி என்று நாங்கள் சொல்வது அதைவிடவும் வேறு. மூன்றையும் ஒரே பையில் போட்டுவிடுவதால்தான் இவ்வளவு உழைத்தும் பலன் வேறு இடத்தில் போய்ச் சேர்கிறது.

முதலில் வேகம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம், ஒரு கை அல்லது கால் எவ்வளவு சீக்கிரம் போய்த் திரும்புகிறது, அவ்வளவுதான். ஓட்டப் பந்தயத்தில் அது 100 மீட்டர். நமக்கு அவ்வளவு தூரத்துக்கு வேலையே இல்லை. கராத்தே போட்டிக் களம் பக்கத்துக்கு 8 மீட்டர் கொண்ட சதுரம், அதற்குள் ஒரு பிள்ளை ஒரே பாய்ச்சலில் கடப்பது ஒன்று அல்லது இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். ஆகவே நமக்கு வேண்டியது முதல் எட்டின் வேகம். நின்ற நிலையிலிருந்து கிளம்புவது.

அஜிலிட்டிக்குத் தமிழில் சுறுசுறுப்பு என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் போதவில்லை. சுறுசுறுப்பான பிள்ளை என்றால் நாம் வேறு என்னவோ நினைத்துக்கொள்கிறோம். லாவகம் என்ற சொல் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஷெப்பர்ட், யங் என்ற இரண்டு விளையாட்டு ஆய்வாளர்கள் 2006-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள், பயிற்சியாளர்கள் பலரும் இன்று அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்: வெளியே நடக்கிற ஒன்றைக் கண்டு, அதற்குப் பதிலாக முழு உடம்பும் வேகத்தையோ திசையையோ சட்டென்று மாற்றுவது. இதில் முக்கியமான பாதி, "கண்டு, அதற்குப் பதிலாக" என்பது. முன்கூட்டியே தெரிந்த பாதையில் வளைந்து வளைந்து ஓடுவது திசை மாற்றும் பயிற்சி மட்டும்தான். எதிராளி எந்தப் பக்கம் வருவான் என்று தெரியாமல் நின்று, அவன் தோள் அசைவதைப் பார்த்து, சரியான பக்கம் விலகினால்தான் அது அஜிலிட்டி.

நம் ஊர் கிளித்தட்டு நினைவிருக்கிறதா? தரையில் கோடு போட்டுக் கட்டம் பிரித்து, ஒரு அணி கோடுகளின் மேல் நின்று மறிக்க, இன்னொரு அணி தொடப்படாமல் கட்டம் கட்டமாகத் தாண்டிப்போகும் ஆட்டம். கோட்டில் நிற்பவர் கோட்டை விட்டு வெளியே வர முடியாது, பக்கவாட்டில்தான் நகர முடியும். தாண்டுபவர் இந்தப் பக்கம் போவதுபோல் உடம்பைக் காட்டி அந்தப் பக்கம் பாய வேண்டும். நான் பார்த்த அஜிலிட்டி பயிற்சிகளில் இதைவிடச் சிறந்த ஒன்று இல்லை, மனதார இதைச் சொல்கிறேன். கல்லா மண்ணாவும் அப்படித்தான், என்ன சொல்வார்கள் என்று தெரியாமல் காத்திருந்து, சொன்ன மறுகணம் எங்கே ஓடுவது என்று முடிவெடுக்க வேண்டிய ஆட்டம். நாலு மூலை, கபடி, கோ-கோ எல்லாமே இந்தச் சாதிதான். என் வகுப்பில் வாரத்துக்கு ஒரு நாளாவது கிளித்தட்டு உண்டு. "காசு கொடுத்து அனுப்புறோம், விளையாட விடுறீங்களே மாஸ்டர்" என்று ஆரம்பத்தில் ஒரு அம்மா வருத்தப்பட்டார். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன், அப்புறம் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

இப்போது எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் ஒரு நைலான் ஏணியைத் தரையில் விரித்து, கட்டத்துக்குள் கால் வைத்து டக் டக் என்று ஓடவிடுகிறார்கள். லேடர் பயிற்சி. பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். நானும் வைத்திருக்கிறேன், சில நாள் சாக்பீஸால் தரையில் வரைந்தும் விடுகிறேன். கால் எங்கே விழுகிறது என்ற உணர்வும், தாளமும், கால் கை ஒத்துழைப்பும் அதில் வரும். வார்ம்-அப்புக்கு நல்லது. ஆனால் அந்த ஏணியில் எதிராளி இல்லை. பிள்ளை தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டு ஓடுகிறது, சண்டையில் செய்யவே கூடாதது அதுதான். ஏணி ஓட்டத்தில் முதலாவதாக வருகிற பிள்ளை, எதிரே ஆள் வந்து நின்றதும் திகைத்துப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் ஏணி முடிகிற இடத்தில் நான் நின்றுகொள்வேன். கடைசிக் கட்டத்தை விட்டு வெளியே வரும்போது நான் எந்தக் கையை உயர்த்துகிறேனோ அந்தப் பக்கம் பாய வேண்டும். இந்த ஒன்றைச் சேர்த்ததும் பிள்ளைகளின் தலை தானாக நிமிர்ந்துவிட்டது.

விசில் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலரும் விசில் ஊதிப் பிள்ளைகளைக் கிளப்புகிறோம். ஒலியைக் கேட்டு உடம்பு அசைவதற்கும், ஒன்றைப் பார்த்து அசைவதற்கும் ஒரே நேரம் ஆகாது. காது வழி வரும் சைகைக்கு மூளை கொஞ்சம் முன்னதாகவே பதில் சொல்லிவிடும், கண் வழி வருவதற்குப் பெரியவர்களுக்கே கிட்டத்தட்ட கால் விநாடி ஆகும். பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல், வளர வளரத்தான் குறையும். உசைன் போல்ட் 2009-ல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடியபோதுகூட, துப்பாக்கிச் சத்தம் கேட்டு அவர் உடம்பு அசைய 0.146 விநாடி ஆனது. களத்தில் எதிராளி விசில் ஊதிவிட்டு உதைப்பதில்லை. ஆகவே விசிலோடு நிறுத்திக்கொண்டால் நாம் பழக்குவது காதைத்தான். கைக்குட்டையைக் கீழே விடுவது, கையால் திசை காட்டுவது, சிவப்பு நீலம் என்று இரண்டு துண்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டுவது என்று கண்ணுக்கு வேலை கொடுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒன்று சொல்கிறேன். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை நீங்கள் மேல் முனையில் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலின் கீழே பூஜ்ஜியம் இருக்கும் முனைக்கு நேராக, தொடாமல் திறந்து வைத்திருக்கட்டும். சொல்லாமல் விடுங்கள், பிள்ளை பிடிக்கட்டும். 10 சென்டிமீட்டரில் பிடித்தால் ஏறக்குறைய 0.14 விநாடி, 15-ல் பிடித்தால் 0.175, 20-ல் என்றால் 0.2, பிடிக்காமல் முழு ஸ்கேலும் நழுவிப்போனால் கால் விநாடி ஆகிவிட்டது என்று அர்த்தம். இது எந்த மந்திரமும் இல்லை, கீழே விழும் பொருளுக்கான பள்ளிக்கூடக் கணக்குதான். ஐந்து தடவை விட்டுச் சராசரி எடுங்கள். அண்ணன் தங்கையோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரு பிள்ளையைக் குறைவாகப் பேச மட்டும் இதை எடுக்காதீர்கள், தூங்காத நாளிலும் விரல் விறைத்த குளிரிலும் எண் தானாக மோசமாகும். 6 வயது முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும், 13-க்கு மேல் 8 முதல் 10. ஆறு மணிக்கு எழுப்புவதென்றால் இரவு ஒன்பதுக்குள் படுத்திருக்க வேண்டும், டியூஷன் முடிந்து எட்டரைக்கு வருகிற பிள்ளையால் அது எப்படி முடியும் என்பதை யோசியுங்கள்.

சரி, அந்த ஏற்றத்துக்கு வருவோம்.

உடம்பு முழு வேகத்தில் வேலை செய்ய, தசைக்குள்ளேயே தயாராக ஒரு சிறு எரிபொருள் இருப்பு உண்டு. பாஸ்பேட் சேர்ந்த ஒரு பொருள் அது. ஆறேழு விநாடி, மிஞ்சினால் பத்து விநாடி, அதற்கு மேல் அது தாங்காது. தீர்ந்ததும் உடம்பு வேறு வழியில் சக்தி எடுக்கும், ஓட்டம் தொடரும், ஆனால் அது முழு வேக ஓட்டமாக இருக்காது. அந்த இருப்பு மறுபடி நிரம்ப ஓய்வு வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் வேகப் பயிற்சியின் முழு ரகசியமும் புரிந்துவிடும்: கொஞ்ச நேரம் முழு வேகம், நிறைய நேரம் ஓய்வு. 5 விநாடி பாய்ந்தால் குறைந்தது ஒரு நிமிடம் சும்மா நிற்க வேண்டும், நான் ஒன்றரை நிமிடம் விடுகிறேன். மூச்சு வாங்க வாங்க அடுத்த ரவுண்டு ஓடவிட்டால் பிள்ளை இருப்பதில் மெதுவான வேகத்தில் ஓடும், நரம்பும் அந்த மெதுவான அசைவைத்தான் மனப்பாடம் செய்யும். அந்தப் பையன் மூன்று மாதமாகத் தினமும் மெதுவாக ஓடப் பழகியிருக்கிறான். ஏற்றத்தில் ஐந்தாவது தடவை யார்தான் வேகமாக ஓட முடியும்?

மலையில் வாழும் நமக்கு இதில் ஒரு தனிச் சங்கதி இருக்கிறது. 1968 ஒலிம்பிக் மெக்சிகோ நகரத்தில் நடந்தது. அந்த ஊரின் உயரம் 2,240 மீட்டர். நம் ஊட்டியின் உயரமும் ஏறக்குறைய அதேதான். அங்கே ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடினார், பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார், இரண்டும் உலக சாதனை. ஆனால் 10,000 மீட்டரில் ஜெயித்தவருக்கு 29 நிமிடம் 27 விநாடி ஆனது. நாலு வருடம் முன்னால் டோக்கியோவில் ஜெயித்தவர் 28 நிமிடம் 24 விநாடியில் முடித்திருந்தார். அந்த நேரத்து உலக சாதனையாளர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. காற்று லேசாக இருப்பதால் பாய்ச்சலுக்குத் தடை குறைகிறது, ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் குறைகிறது. நீண்ட ஓட்டத்துக்கு அது பாதகம்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் காற்று பழகியிருக்கும், கோத்தகிரி ஊட்டியைவிடத் தாழ்வும்கூட. இருந்தாலும் கணக்கு மாறுவதில்லை. குட்டிப் பாய்ச்சலுக்கு மலை எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் இரண்டு பாய்ச்சலுக்கு நடுவே தசையை மறுபடி நிரப்ப ஆக்சிஜன்தான் தேவை என்பதால், கீழே அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு நிமிடம் விடுகிற இடத்தில் இங்கே கூடக் கொஞ்சம் விடுங்கள். கீழே இருந்து விடுமுறைக்கு வந்து என்னிடம் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் நான் ஓட்டமே கொடுப்பதில்லை.

ஏற்றத்தை முழுவதும் விட்டுவிடவும் வேண்டாம். 8 அல்லது 10 மீட்டர் தூரம், லேசான மேடு, நாலே தடவை. மேட்டில் ஓடும்போது உடம்பு தானாக முன்னால் சாய்கிறது, காலால் தரையைப் பின்னால் தள்ளியே ஆக வேண்டியிருக்கிறது, பாதம் விழுகிற அதிர்ச்சியும் சமதளத்தைவிடக் குறைவு. முதல் எட்டைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது, நம் ஊரில் இது இலவசமாகக் கிடைக்கிறது. மேலே போனதும் நடந்து இறங்கட்டும். இறக்கத்தில் ஓடவிடாதீர்கள், தொடையும் முழங்காலும் பிரேக் போட்டுப் போட்டே நொந்துபோகும், மறுநாள் படி இறங்க முடியாது.

பிரேக் என்றதும் எனக்கு நிறையச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் பெற்றோரும் பல பயிற்சியாளர்களும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். திசை மாற்ற வேண்டுமென்றால் முதலில் நிற்கத் தெரிய வேண்டும். ஓடுகிற வேகத்தை இரண்டு எட்டில் கொன்று, இடுப்பைத் தாழ்த்தி, முழங்காலை மடக்கி, அந்தக் காலாலேயே தரையைத் தள்ளி வேறு பக்கம் கிளம்ப வேண்டும். நிற்கத் தெரியாத பிள்ளை காலை விறைப்பாக ஊன்றும், முழங்கால் உள்பக்கமாக மடியும், முழங்கால் ஜவ்வு கிழிகிற காயங்களில் பலவும் இந்த நிலையில்தான் நடக்கின்றன. அதனால் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் நான் கற்றுக்கொடுப்பது நிற்கத்தான். ஒரு படி உயரத்திலிருந்து குதித்து, பூனை மாதிரிச் சத்தமில்லாமல் இறங்கி, அப்படியே மூன்று எண்ணும் வரை அசையாமல் நிற்க வேண்டும். சத்தம் வந்தால் முழங்கால் மடங்கவில்லை என்று அர்த்தம். முழங்கால் பெருவிரல் பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். அப்புறம் மூன்று எட்டு ஓடி நில். அப்புறம் ஐந்து எட்டு ஓடி, நான் கை தட்டினால் நில். சிலம்பத்தில் காலடி போடப் பழகும்போது ஆசான்மார் "மெதுவா வை, மெதுவா வை" என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், சின்ன வயதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. கம்பு முகத்துக்கு நேரே சுற்றி வரும்போது இடுப்பு தாழ்ந்து, பாதம் பதிந்து, எந்தப் பக்கமும் எடுத்து வைக்கத் தயாராக இருக்கிற அந்த நிலைதான் பிரேக்கும் கிளம்புதலும் சேர்ந்த இடம் என்று இப்போது புரிகிறது.

கற்றுக்கொடுக்க வந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது. தினமும் பிள்ளைகளைத் தவளைக் குதியும், இங்கும் அங்கும் ஓடித் திரும்பும் ஓட்டமுமாகப் பிழிந்தேன், சிமெண்ட் தரையில். 11 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லி மறுபடி ஓடவைத்தேன். பத்து நாளில் மாடிப்படி ஏறவே அழ ஆரம்பித்தாள். டாக்டர் தொட்டுப் பார்த்து, முட்டிக்குக் கீழே எலும்பு மேட்டில் தசைநார் இழுத்து வீங்கியிருக்கிறது, ஓஸ்குட் ஷ்லாட்டர் என்று சொல்வார்கள், வளரும் பிள்ளைகளுக்கு அதிகக் குதியால் வருவது, குதிப்பதை நிறுத்துங்கள் என்றார். அந்தப் போட்டிக்கு அவள் வரவில்லை. வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கு அங்கேயே நிறுத்துவது என்று அன்று முடிவு செய்தேன். குதிகாலின் பின்பக்கமும் இதேபோல் ஒரு வலி வரும், அதற்குப் பெயர் சீவர் நோய், பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஓய்வு கொடுத்தால் அடங்கும். ஆனால் இரண்டுமே "இது போதும்" என்று உடம்பு சொல்கிற சொல்.

பிள்ளை திடீரென்று உயரமாகிற காலத்தையும் கவனிக்க வேண்டும். பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆண்பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக வளர்வார்கள், முன்னே பின்னே இருக்கலாம். கால் நீண்டுவிடும், மூளைக்கு அந்தப் புதிய நீளம் பழகியிருக்காது. நேற்று வரை லாவகமாக இருந்த பையன் தடுமாறுவான், கம்பைத் தவறவிடுவான், உதை குறி தப்பும். சோம்பேறி ஆகிவிட்டான் என்று திட்டாதீர்கள். சில மாதங்களுக்குக் குதிப்பதைக் குறைத்து, நிற்பது, சமநிலை, மெதுவான காலடி என்று பழைய பாடத்துக்குத் திரும்பினால் போதும். ஒரே வகுப்பில் ஒரே வயதில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் உடல் முதிர்ச்சியில் இரண்டு மூன்று வருடம் தள்ளி இருக்கலாம், அதனால் பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடுவதில் ஒரு பயனும் இல்லை. இந்த வளர்ச்சிக்கு முன்னால், சுமார் ஏழு வயதிலிருந்து, பிள்ளைக்கு வேகம் வருவது பெரும்பாலும் நரம்பும் மூளையும் அசைவைக் கற்றுக்கொள்வதால்தான். தசை பெருத்து வரும் வேகம் பிறகு வரும். ஆகவே 8 வயதுப் பிள்ளைக்கு எடை தூக்கவைப்பதோ காலில் மணல் பை கட்டுவதோ தேவையில்லை. விதவிதமான ஆட்டம் வேண்டும்.

நம் ஊர்க் குளிரும் ஈரமும் தனிக் கவனம் கேட்பவை. கீழே ஐந்து நிமிடத்தில் சூடாகிற உடம்பு டிசம்பர் காலையில் இங்கே சூடாகப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் எடுக்கும். உட்கார்ந்து காலை நீட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது வார்ம்-அப் ஆகாது, நீண்ட நேரம் அப்படிப் பிடித்துவிட்டு உடனே பாய்ந்தால் வேகம் சற்றுக் குறையவே செய்யும், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நடை, மெது ஓட்டம், முழங்கால் உயர்த்துதல், கால் வீச்சு, பாண்டி ஆட்டத்து நொண்டி, பக்கவாட்டு நகர்வு. ஸ்வெட்டரை வேர்வை துளிர்க்கும்வரை கழற்ற வேண்டாம். சில பிள்ளைகளுக்குக் குளிர்ந்த காற்றில் ஓடி முடித்ததும் இருமலும் இழுப்பும் வரும், அதைச் சளி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், கட்டுப்படுத்தக்கூடியதுதான். புல் மைதானத்தில் பனி ஈரம் இருந்தால் திசை மாற்றும் பயிற்சி எதுவும் கூடாது, வெயில் ஏறும்வரை நிற்கும் பயிற்சியோ கம்பு வீச்சோ செய்யலாம்.

ஒரு வகுப்பில் நான் என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: வாரத்தில் இரண்டு நாள்தான் வேகம், நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. உடம்பு சூடானதும், களைப்பு வருவதற்கு முன், அதாவது வகுப்பின் முதல் பாதியிலேயே அதை முடித்துவிடுவேன். 5 மீட்டர் பாய்ச்சல் ஆறு, கைக்குட்டை சைகையில். நிற்கும் பயிற்சி. குதிகள் எல்லாம் சேர்த்துப் பாதம் தரையில் விழும் எண்ணிக்கை 50-ஐத் தாண்டாமல் எண்ணிக்கொள்வேன், ஸ்கிப்பிங் கயிறு ஆடினால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். கடைசியில் வால் பறித்தல். ஒவ்வொருவர் இடுப்பிலும் பின்பக்கம் ஒரு துண்டு, பாதி வெளியே தொங்கும். ஜோடி ஜோடியாக எதிரே நின்று, தன் வாலைக் காத்துக்கொண்டு எதிரியின் வாலைப் பறிக்க வேண்டும், பத்து விநாடி மட்டும். அப்புறம் ஒரு நிமிடம் சிரித்துக்கொண்டு நிற்பார்கள், அந்தச் சிரிப்பு நேரத்திலேயே ஓய்வும் முடிந்துவிடும். எல்லாம் சேர்த்து இருபது இருபத்தைந்து நிமிடம். அதன்பின் வழக்கமான பாடம்.

அந்த அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐப்பசி மழை புடிச்சா வெளிய கூட்டிட்டுப் போக முடியாதுங்க, எங்களுது லைன் வீடு, ஒரே ரூம். அதுக்குள்ள என்னங்க பண்றது?" நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. இருவரும் கை எட்டும் தூரத்தில் எதிரெதிரே நில்லுங்கள். எதிரியின் தோளைத் தொட்டால் ஒரு புள்ளி, தன் தோளைத் தொடவிடாமல் விலக வேண்டும், பாதம் அரை எட்டுக்கு மேல் நகரக் கூடாது. பிள்ளையை உங்கள் கையைப் பார்க்க விடாதீர்கள், நெஞ்சுக்கு நேராகப் பார்க்கச் சொல்லுங்கள், கை கிளம்பும் முன்பே தோளும் நெஞ்சும் அசைவது அங்கிருந்துதான் தெரியும். பத்து விநாடி ஆட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு ரவுண்டு. போன வாரம் வந்து சொன்னார், ஆறில் நாலு ரவுண்டு பையன்தான் ஜெயிக்கிறானாம், அவருடைய அம்மாவும் இப்போது சேர்ந்துகொண்டாராம். காலை ஓட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள், மற்ற நாள் பையன் ஏழு மணி வரை தூங்குகிறான்.